கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம்
மூலத்தன்மை, ஆக்கவுரிமை, இயந்திரம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில ஊடாக நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலை நோக்கிச் செல்லும் பாதையிலே மடுல்கெல்ல அமைந்துள்ளது. கோப்பிக் காலத்திலிருந்து தோட்டப் பொருளாதாரத்தினாலேயே உருவாக்கப்பட்ட பிரதேசம் அது. அண்மையில் அவ்வூர்க் கடைத்தெருவிலே தொங்கவிடப்பட்டிருந்த விளம்பரத் துணியொன்று நமது கவனத்தை ஈர்த்தது. பச்சை மலைச்சரிவு, காலை வெயில், முதுகிலே கூடை சுமந்து புன்னகைக்கும் இளம்பெண். அப்படத்தை எந்த ஓவியரும் வரையவில்லை. எந்தக் கமெராவும் பிடிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு இயந்திரமொன்றிடம் சில சொற்களைக் கொடுத்துச் சில விநாடிகளிலே பெறப்பட்டது அது.

நம்முடன் நின்றிருந்த, பல்லாண்டு கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் அதனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கூறினார்: “மட்டக்கம்பு இல்லீங்களே ஐயா. இடுப்புல படங்கும் கட்டல. இந்தப் புள்ள எந்த மலையில பறிக்குது?”

இக்கட்டுரை அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது. இயந்திரம் ஆக்கும் உருவங்களுக்கு உரிமையாளர் யார், அவற்றை மூலப்படைப்பு எனக் கொள்ளலாமா என்ற விவாதம் இன்று உலக நீதிமன்றங்களிலே நடைபெறுகின்றது. அவ்விவாதம் பெரும்பாலும் இரு தரப்பாரை மட்டுமே காண்கின்றது: ஒருபுறம் கலைஞர், மறுபுறம் இயந்திரத்தை உடைய கொம்பனி. உருவத்திலே காட்டப்படும் மனிதர் இவ்வழக்கிலே எத்தரப்பினரும் அல்லர். இந்நிலைமை இன்று தோன்றிய ஒன்றன்று. மலையகத் தொழிலாளரின் உருவம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகப் பிறரது உடைமையாக இருந்து வந்துள்ளது. எனவே இயந்திரப் படம் பற்றிய பிரச்சினையை விளங்கிக்கொள்வதற்குக் கண்டிச் சீமையின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

2

மூலத்தன்மை என்பது என்றுமுள்ள அழகியற் பெறுமானம் என்றே பலரும் கருதுகின்றனர். வரலாற்று முறையில் நோக்குமிடத்து அக்கருத்து நிலைநிற்பதில்லை.

நமது இலக்கண மரபை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என வகுக்கின்றது; நன்னூல் அவற்றோடு சார்புநூலையும் சேர்த்துக்கொள்கின்றது. முதல்நூல் வினையின் நீங்கிய அறிவுடையோனுக்கே உரியது எனப்பட்டது. அதாவது, முழுமையான மூலத்தன்மை சாதாரண மனிதருக்கு இயல்வதன்று என்பது அக்கொள்கையின் உட்கிடை. மனிதப் புலவன் செய்வது வழிநூல். முன்னோர் சொல்லைப் பின்பற்றுதல் குற்றமாகாது, மாறாக அது மரபைப் பேணும் கடமையாகும். நிலவுடைமைச் சமுதாயத்திலே அறிவு ஆசிரிய பரம்பரையின் வழியாகவும் குலத்தின் வழியாகவும் கையளிக்கப்பட்டமையை இவ்வகுப்பு முறை பிரதிபலிக்கின்றது எனலாம். அம்மரபை நாம் இலட்சியமயப்படுத்த வேண்டியதில்லை. யார் ஓதலாம், யார் ஓதக்கூடாது என்ற தடையும் அதே சமுதாயத்தின் விளைபொருளே.

கண்டிய ஓவிய மரபிலும் இதற்கு ஒப்பான நிலைமையைக் காணலாம். கண்டி நகருக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவ விகாரையின் சுவரோவியங்கள் பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியவை. அவற்றை வரைந்தோருள் ஒருவராகத் தேவரகம்பொல சில்வத்தென உன்னான்சே என்பவரின் பெயர் வழிவழியாக அறியப்பட்டு வருகின்றது. ஆகவே முதலாளித்துவத்துக்கு முற்பட்ட கலைஞர் எல்லோரும் பெயரற்றோராகவே இருந்தனர் என்ற பரவலான எண்ணம் திருத்தப்பட வேண்டியது. பெயர் இருந்தது, ஆனால் அப்பெயர் உடைமைப் பத்திரமாக இருக்கவில்லை. தாமரையையும் அன்னத்தையும் வரையும் கோலத்தை ஒரு சித்திரகாரர் மற்றவரிடமிருந்து பெற்றார். அதற்காக எவரும் எவர்மீதும் வழக்குத் தொடுக்கவில்லை.

இம்மரபை நூலாக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. 1908இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல், வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே கைஅச்சியந்திரத்தில் 425 பிரதிகளாக அச்சிடப்பட்டது. கைவினைஞன் புதுமையைத் தேடி அலைவதில்லை, கோலம் சமூகத்தின் பொதுச் செல்வமாக இருந்தது என்பது குமாரசுவாமியின் கருத்துக்களுள் முக்கியமானது. கைத்தொழிற் பண்டங்களின் வருகையால் கண்டியக் கைவினைஞர் அழிவுற்றமையை அவர் கண்டு வருந்தினார். ஆனால் அவர் நூல் எழுதிய காலத்திலே அதே கண்டி மலைகளில் தேயிலைத் தொழில் உச்சத்தை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தது. கைவினைஞரின் வீழ்ச்சியையும் தோட்டத் தொழிலாளரின் உருவாக்கத்தையும் ஒரே வரலாற்று நிகழ்வின் இரு முகங்களாக அவர் நோக்கவில்லை. அது அவரது வர்க்க நிலைப்பாட்டின் எல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

3

ஆக்கவுரிமை என்னும் சட்ட நிறுவனம் அச்சுத் தொழிலோடு பிறந்தது. 1710இல் இங்கிலாந்திலே நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் நூலாசிரியரின் பெயரால் எழுதப்பட்டதாயினும், அதன் பின்னே நின்றவர்கள் இலண்டன் நகரத்துப் புத்தக வணிகர்களே. ஆசிரியனுக்கு உரிமை வழங்கப்பட்டால்தான் அவ்வுரிமையை அவனிடமிருந்து விலைக்கு வாங்க இயலும். படைப்பாளி என்ற சுதந்திரத் தனிமனிதன் சந்தையிலே தோன்றுவதற்கும், தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரத் தொழிலாளி தோன்றுவதற்கும் இடையிலுள்ள உறவு மனங்கொள்ளத்தக்கது.

இச்சட்டம் தன் முதற் பெருஞ் சோதனையைச் சந்தித்தது புகைப்படத்தின் வருகையோடுதான். படத்தை ஆக்குவது கதிரவனொளியும் இரசாயனமும் கண்ணாடி வில்லையும் ஆயின், அதிலே மனிதனின் பங்கு யாது? இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்கப்படும் வினா ஏறத்தாழ இதே சொற்களில் அன்று கமெராவைப் பற்றிக் கேட்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1884இல், ஒஸ்கார் வைல்டின் புகைப்படம் தொடர்பான வழக்கிலே, அதனைப் பிடித்த நெப்போலியன் சரோனியே அதன் ஆசிரியர் எனத் தீர்த்தது. அவரே நிலையையும் உடையையும் ஒளியையும் அமைத்தார் என்பது காரணமாகக் காட்டப்பட்டது. அமர்ந்திருந்த வைல்டுக்குப் படத்தில் உரிமை எதுவும் இருக்கவில்லை.

பிரான்சின் சட்ட வரலாற்றை ஆராய்ந்த பேர்னார்ட் எடெல்மான் 1973இல் வெளியிட்ட நூல் இவ்விடத்திலே பெரிதும் பயனுடையது. தொடக்கத்திலே பிரெஞ்சுச் சட்டம் புகைப்படக்காரனை இயந்திரத்தின் வெறும் ஏவலாளாகவே கருதியது; அவன் ஆன்மாவற்ற உழைப்பாளி. பின்னர் புகைப்படமும் திரைப்படமும் பெருமுதலீட்டைக் கோரும் கைத்தொழில்களாக வளர்ந்தபோது, அதே சட்டம் அவ்விரண்டிலும் படைப்பாளியின் ஆளுமை பதிந்திருக்கக் கண்டது. கலை பற்றிய தத்துவம் மாறியதனால் சட்டம் மாறவில்லை. மூலதனத்துக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டபோது தத்துவம் கண்டெடுக்கப்பட்டது என்பதே எடெல்மானின் வாதத்தின் சாரமாகும்.

பிரித்தானியச் சட்டம் இவ்வகைத் தத்துவ அலங்காரமின்றி வெளிப்படையாகவே பேசியது. 1911ஆம் ஆண்டுப் பேரரசு ஆக்கவுரிமைச் சட்டம், புகைப்படத்தின் மூலத்தகடு செய்யப்பட்ட வேளையில் அத்தகட்டின் உடைமையாளர் எவரோ அவரே அதன் ஆசிரியராகக் கருதப்படுவார் என விதித்தது. உரிமை ஐம்பது ஆண்டு நீடித்தது. பிடித்தவர் ஆசிரியரல்லர், பிடிக்கப்பட்டவரும் அல்லர், தகட்டின் சொந்தக்காரரே ஆசிரியர். உற்பத்திச் சாதனத்தின் உடைமையே படைப்பாளுமை என்பதை ஒரு சட்டம் இதைவிடத் தெளிவாகக் கூறுதல் அரிது. 1912 முதல் இச்சட்டம் இலங்கையிலும் நிலவியது. 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கப் புலமைச் சொத்துக் கோவை வரும்வரையில் அதுவே இந்நாட்டின் ஆக்கவுரிமைச் சட்டத்துக்கு அடிப்படையாக இருந்தது.

4

அந்தத் தகடுகளிலே பதிந்த உருவங்கள் யாருடையவை?

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்திலே தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869இல் கோப்பிச் செடியிலே இலைநோய் கண்டது. அடுத்த இருபதாண்டுகளில் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. இதே காலப்பகுதியிலேதான் தோட்டங்களைப் படம்பிடிக்கும் வணிகமும் எழுந்தது. சார்ள்ஸ் ஸ்கோவன் 1870களிலே கண்டியில் புகைப்பட நிலையம் நடத்தினார். கொழும்பிலே 1890இல் தொடங்கப்பட்ட பிளாற்றே நிறுவனம் தபாலட்டைகளைப் பெருந்தொகையாக வெளியிட்டது. புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கமெரன் 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் மலைநாட்டிலேயே மறைந்தார். இங்கிலாந்திலே அவர் பிடித்த படங்களிலே டெனிசனும் டார்வினும் தத்தம் பெயருடன் நிற்கின்றனர். களுத்துறையிலே அவர் பிடித்த படமொன்றில் நிற்போர் ‘களுத்துறைக் குடியானவர்’ என்ற பொதுப்பெயரை மட்டுமே பெறுகின்றனர். ஒரே கமெரா, ஒரே கலைஞர். ஆயினும் பெயர் பெறும் உருவம் எது, இனவகையாகச் சுருங்கும் உருவம் எது என்பதைக் குடியேற்ற ஆட்சியின் சமூக உறவே தீர்மானித்தது.

தபாலட்டைகளும் தனிப்படங்களும் இதனை மேலும் திட்டவட்டமாக்கின. கொழுந்தெடுக்கும் பெண், கங்காணி, நிறுவைத் தளம், பிரட்டுக்களம் என வகைப்பட்ட காட்சிகள் மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டன. ஆங்கிலத்திலே அவற்றின் கீழ் இடப்பட்ட குறிப்புக்கள் ‘தமிழ்க் கூலி’ என்பதற்கு மேல் சென்றமை அரிது. அச்சொல்லே கூலியை மனிதராகவும் மனிதரைக் கூலியாகவும் ஆக்கிவிட்ட சொல் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த கட்டத்திலே உருவம் தேயிலைப் பண்டத்தின் முகமாயிற்று. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கொழுந்தெடுக்கும் பெண்ணின் படத்தைத் தன் விளம்பரங்களிலே பரப்பினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்பதே அவ்விளம்பரத்தின் செய்தி. இடையிலுள்ள லயமும் கணக்கப்பிள்ளையின் செக்குறோலும் கடனும் அதிலே இல்லை. 1932இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை அமைந்தது. 1934இல் பசில் ரைற் இயக்கிய ‘இலங்கையின் பாடல்’ என்னும் ஆவணப்படம் அச்சபையின் ஆதரவிலேயே உருவாகியது. அதன் ஆங்கில விவரணம் லயனல் வென்ட்டின் குரலில் அமைந்தது. கலைத்தரத்தில் உயர்ந்த அப்படத்தைக் குறைத்து மதிப்பிடுதல் நமது நோக்கமன்று. இயக்குநரின் பெயரும் குரலுக்குரியவரின் பெயரும் திரைப்பட வரலாற்றிலே நிலைபெற்றுள்ளன. கொழுந்தெடுத்த கைகளுக்குரியோர் அவ்வரலாற்றிலே இல்லை என்பதே இங்குக் குறிக்கப்படுவது.

பண்டத்தின் முகமாக இருந்த உருவம் காலகதியிலே நாட்டின் முகமுமாயிற்று. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வுருவத்துக்குரிய மக்களை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு எனப் பங்கிட்டது. மனிதரை எண்ணாக்கிப் பிரித்த அதே அரசு, அவர்களின் படத்தைப் பிரியாமல் வைத்துக்கொண்டது. மண்டபத்துக்குக் கப்பலேறியவர்களின் உருவம் தேயிலைப் பெட்டியின் மீது இலங்கையராகவே தொடர்ந்து வாழ்ந்தது.

இவ்வரலாற்றிலே ஒரு தற்செயல் நிகழ்வு குறிப்பிடத்தக்கது. நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாகும். இன்று நடைமுறையிலுள்ள புலமைச் சொத்துச் சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமாகும். சட்டப் புத்தகத்திலே இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. படத்திலுள்ளவர் நாட்டுக்குரியவர் என்பதை முன்னது இறுதியாக ஏற்றுக்கொண்டது. படம் யாருக்குரியது என்பதைப் பின்னது கூறியது; அதிலே படத்திலுள்ளவர் இடம்பெறவில்லை.

5

இனி இயந்திரத்துக்கு வருவோம். இவ்வியந்திரம் உருவத்தைக் கற்பனை செய்கின்றது என்றும், ஏற்கனவே உள்ள படங்களை வெட்டி ஒட்டுகின்றது என்றும் இரு கூற்றுக்கள் நிலவுகின்றன. இரண்டும் பிழையானவை. பெருந்தொகையான படங்களும் அவற்றுக்குரிய சொற்குறிப்புக்களும் அதற்குக் கொடுக்கப்படுகின்றன. படத்தின் மீது படிப்படியாக இரைச்சற் புள்ளிகளைத் தூவிக் குலைத்து, குலைந்த நிலையிலிருந்து மீட்கும் வழியை இயந்திரம் பயில்கின்றது. இவ்வாறு பயின்றபின், வெறும் புள்ளிக் குழப்பத்திலிருந்து, கொடுக்கப்பட்ட சொற்களுக்குப் பொருந்துவதாகத் தான் கணிக்கும் உருவமொன்றை அது வெளிக்கொணர்கின்றது. 2022இல் வெளியிடப்பட்ட லயோன்-5பி என்னும் தொகுதியிலே 585 கோடி படங்களின் இணைய முகவரிகள் சொற்குறிப்புக்களுடன் இணைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு வெளிவந்த ஸ்டேபிள் டிஃபியூஷன் இயந்திரம் இத்தொகுதியிலிருந்து தெரிந்தெடுத்த படங்களைக்கொண்டே பயிற்றப்பட்டது. படங்களுக்குரியோரின் அனுமதி கேட்கப்படவில்லை.

எனவே இயந்திரம் தருவது, முன்னர் எது மிகுதியாகப் படமாக்கப்பட்டதோ அதனுடைய சாராம்சமாகும். கொழுந்தெடுக்கும் பெண்ணை மிகுதியாகப் படமாக்கியவர்கள் தேயிலை விளம்பரகாரரும் உல்லாசப் பயணத்துறையினருமே. மடுல்கெல்லத் துணியிலிருந்த பெண் ஏன் புன்னகைத்தாள் என்பதற்கு விடை இங்கேயே உண்டு. கொழுந்து மேசையை மட்டம் பார்க்கும் கம்பும், பனியிலும் செடியின் கீறலிலுமிருந்து உடலைக் காக்க இடுப்பிலே சுற்றும் படங்கும் விளம்பரத்துக்கு வேண்டாதவை; ஆகவே அவை இயந்திரத்தின் நினைவிலும் இல்லை. உழைப்பின் கருவிகள் நீக்கப்பட்ட உழைப்பாளியின் உருவமே எஞ்சியது. அம்மையாரின் வினா, நாம் அறிந்த பல கலை விமர்சனங்களை விடக் கூர்மையானது.

இயந்திரத்திலே உறைந்திருக்கும் இறந்தகால உழைப்பு உயிருள்ள உழைப்பின்மீது ஆதிக்கம் செலுத்துகின்றது என்பது மார்க்ஸ் நமக்குக் காட்டிய உண்மை. 1857–58 காலத்துக் குறிப்பேடுகளிலே, சமுதாயத்தின் பொது அறிவே நேரடி உற்பத்திச் சக்தியாக இயந்திரத்தில் உருக்கொள்வதை அவர் முன்னுணர்ந்தார். தலைமுறைகள் பலவற்றின் காட்சி உழைப்பு முழுவதும் இன்று சில கொம்பனிகளின் நிலையான மூலதனமாகியுள்ளது. பொதுநிலத்தை வேலியிட்டுத் தனியுடைமையாக்கிய ஆதித் திரட்டலோடு இதனை ஒப்பிடுதல் மிகையாகாது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத கண்டியக் காடுகளையும் சேனைகளையும் முடிக்குரியதாக்கித் தோட்டத்துரைமாருக்கு வழிதிறந்ததை இந்நாட்டு வரலாற்று மாணவர் அறிவர். பத்திரமற்ற நிலம் யாருக்கும் உரியதன்று என்ற அன்றைய வாதமும், இணையத்திலே கிடப்பது யாருக்கும் உரியதன்று என்ற இன்றைய வாதமும் ஒரே குடும்பத்தவை.

6

நீதிமன்றங்கள் இதற்கு என்ன விடை கூறியுள்ளன? ஸ்டீபன் தேலர் என்பவர் தம் இயந்திரமே ஆசிரியர் எனக் கோரிய வழக்கிலே, மனித ஆசிரியரின்றி ஆக்கவுரிமை இல்லை என வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் 2023 ஓகஸ்டிலும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 மார்ச்சிலும் தீர்த்தன. 2023 நவம்பரிலே பெய்ஜிங் இணைய நீதிமன்றம், சொற்களைத் தெரிந்து, திருத்தித் திருத்திப் படத்தைப் பெற்றவருக்கு உரிமை உண்டு என்றது. இந்தியாவிலே 2020இல் ‘சூர்யாஸ்த்’ என்ற படத்துக்கு மனிதரொருவரோடு இயந்திரமும் இணையாசிரியராகப் பதிவாகியது. மறு ஆண்டிலேயே அப்பதிவை மீளப்பெறுவதற்கான அறிவித்தல் விடுக்கப்பட்டது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டம் கணினி ஆக்கும் படைப்புக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்தவரே ஆசிரியர் என்கின்றது. 1911இல் தகட்டின் உடைமையாளரை ஆசிரியராக்கிய மனப்பாங்கின் எதிரொலி இதிலே கேட்கின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் படைப்பை ஆக்கிய இயற்கை மனிதரையே ஆசிரியர் என வரையறுக்கின்றது. ஆகவே இயந்திரம் இங்கே ஆசிரியராதல் இயலாது. அதனை ஏவியவர் ஆசிரியராவாரா என்பது அவரது பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்த வினாவாகவே நிற்கும்.

இவையெல்லாம் விளைபொருள் பற்றியன. மூலப்பொருள் பற்றிய வினா இதனின் வேறானது. கெற்றி இமேஜஸ் என்னும் படக் கொம்பனி ஸ்டெபிலிற்றி ஏஐ கொம்பனிமீது இலண்டனிலே தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. பயிற்சி பிரித்தானியாவுக்கு வெளியே நடைபெற்றமையால் அது பற்றிய முறைப்பாட்டை வழக்காளிகளே விசாரணையின்போது கைவிட்டனர். இயந்திரம் படங்களின் பிரதிகளைத் தன்னுள் வைத்திருக்கவில்லையாதலால் அதுவே உரிமைமீறிய பிரதியாகாது என நீதிபதி கொண்டார். வணிகக்குறி தொடர்பில் மட்டுமே குறுகிய அளவில் மீறல் காணப்பட்டது. வழக்காடிய இருவரும் பெருங் கொம்பனிகள் என்பது கவனிக்கத்தக்கது. பழைய குடியேற்றகாலப் படங்களைப் பொறுத்தவரை ஆக்கவுரிமைக் காலமே கடந்துவிட்டது. காலம் கடந்தால் படம் பொதுவுடைமையாகும் என்பது சட்டத்தின் மொழி. அப்படத்தில் நின்றவர்கள் அப்பொதுவிலே என்றேனும் பங்குபெற்றனரா என்பது சட்டத்துக்குப் புறம்பான கேள்வி.

7

முற்போக்காளரிடையே இன்று இருவகை நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. ஒருசாரார் இவ்வியந்திரம் கலையை மக்கள்மயப்படுத்துகின்றது என்கின்றனர். தூரிகை பிடிக்கத் தெரியாத தோட்டத்து இளைஞனும் படம் ஆக்கலாம் என்பது அவர்கள் வாதம். இதிலே உண்மையின் ஒரு கூறு உண்டு. ஆனால் அவன் ஆக்கும் படத்திலே அவன் தாயின் மட்டக்கம்பு இல்லாதபோது, அவன் பெற்றது கலைச் சாதனமா அல்லது தன் வீட்டைப் பற்றிப் பிறர் கொண்ட எண்ணத்தின் பிரதியா என நாம் கேட்டேயாக வேண்டும்.

மற்றொரு சாரார் தனித்த மேதையின் மூலத்தன்மையை உயர்த்திப் பிடித்து இயந்திரத்தை மறுக்கின்றனர். இவர்களது கோபம் நியாயமானது. கண்டியிலே பெயர்ப்பலகையும் மேடைத் திரையும் வரைந்து வாழ்ந்தோர் முதலில் அச்சுத் துணியினாலும் பின்னர் கணினியினாலும் தொழில் இழந்தனர்; எஞ்சியிருந்த வடிவமைப்பு வேலையும் இன்று அற்றுப்போகின்றது. அவர்களுக்கு ஆக்கவுரிமையே கையிலுள்ள ஒரே கேடயமாயின், அதனைக் கைவிடுமாறு கூறும் தகுதி சம்பளம் பெறும் பல்கலைக்கழகத்தாராகிய நமக்கு இல்லை. எனினும் அக்கேடயம் யாரைக் காக்கின்றது என்பதை மறத்தலாகாது. வேலையின் போக்கிலே ஊழியர் ஆக்கியவற்றின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடத்து, தொழில்கொள்வோருக்கே உரியது என்பதே நமது சட்டமும் கூறுவது. தனிமேதை பற்றிய கொள்கை காமன் கூத்தை விளக்காது. தப்பின் அடவை விளக்காது. நாற்று மேட்டிலும் கொழுந்து மலையிலும் பலர் வாயிலாக வளர்ந்த பாடலை விளக்காது. 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பவரின் பெயரால் வெளிவந்த கோப்பிக் கிருஷிக் கும்மியை நோக்குக. நூலுக்கு ஒருவர் பெயர் உண்டு. கும்மி என்ற வடிவமோ கைகொட்டிப் பாடிய பெண்களுக்குரியது.

கூட்டுப் படைப்பைச் சட்டம் முற்றாக அறியாதது அன்று. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கிலே பயன்படுத்துவதற்கு அனுமதி வேண்டும் என்கின்றது. அது எச்சமூகத்திலிருந்து, எவ்விடத்திலிருந்து பெறப்பட்டதோ அதனைக் குறிப்பிடுமாறும் கேட்கின்றது. ஆனால் அனுமதி அளிக்கும் அதிகாரம் உரிய மக்களிடமில்லை. அரசு குறிக்கும் அதிகாரியிடமே உள்ளது. மக்களை நாடற்றோராக்கிய அரசே அவர்களது கலையின் காப்பாளர் என்பது ஏற்கத்தக்க ஏற்பாடன்று. ஆயினும் இடத்தையும் சமூகத்தையும் பெயர்சொல்லிக் குறிக்க வேண்டும் என்ற அதன் கொள்கை, நாம் பற்றிப் பிடிக்கவேண்டிய இழையாகும்.

8

தோட்டத் தமிழிலே ‘பேர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. குறித்த நிறையைக் கொழுந்து எட்டினால் அன்றைக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது ஒருநாட் கூலி. மனிதரின் பெயரே அவர் விற்ற உழைப்பின் அலகாக மாறிய இச்சொல்லாட்சி, அந்நியமாதல் என்ற கருத்துக்கு எந்தத் தத்துவ நூலும் தராத உதாரணமாகும். சங்க இலக்கியத் தொகுப்பாளர், பெயர் மறந்துபோன புலவருக்கு அவர் ஆக்கிய உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றனர். அங்கே படிமம் மனிதருக்குப் பெயர் தந்தது. தோட்டத்திலே மனிதர் உலகுக்கு ஒரு படிமத்தைத் தந்து தம் பெயரை இழந்தனர்.

இக்குற்றத்திலிருந்து நாமும் விலகியவர்களல்லர். மலையக இலக்கியம் பற்றி நாம் முன்னர் எழுதிய கட்டுரையொன்றோடு கொழுந்தெடுக்கும் பெண்ணொருவரின் படம் அச்சாயிற்று. படம் பிடித்தவருக்கு நன்றி கூறினோம்; படத்திலிருந்தவரின் பெயரை நாம் கேட்கவில்லை. அவர் யாரெனக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அன்று நமக்குத் தோன்றவில்லை. வர்க்கத்தைப் பற்றி எழுதுகின்றோம் என்ற நினைப்பிலே, வர்க்கம் என்பது பெயருடைய மனிதரால் ஆனது என்பதை மறந்தோம்.

எனவே செய்யக்கூடியன சில உள. இயந்திரத்தால் ஆக்கப்பட்ட படம் அவ்வாறானதென்று வெளிப்படையாகக் குறிக்கப்படுதல் வேண்டும். பயிற்சிக்குப் பயன்பட்டவற்றைக் கொம்பனிகள் வெளியிடவும், பெறும் இலாபத்திலிருந்து பொதுநிதிக்குச் செலுத்தவும் சட்டம் வேண்டும். தனித்தனி உரிமையாளருக்குச் சில்லறை பகிர்வதிலும் பார்க்க, கலைஞரதும் சமூகங்களதும் கூட்டமைப்புக்கள் நிர்வகிக்கும் நிதியே பொருத்தமானது. மலையக மக்களின் குடும்பப் படங்கள், திருவிழா, தொழிற்சங்கக் கூட்டம், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் படங்கள் இன்றும் லயத்துப் பெட்டிகளிலே கிடக்கின்றன. அவை பெயருடனும் இடத்துடனும் அம்மக்களின் பொறுப்பிலேயே தொகுக்கப்படல் வேண்டும். 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டுகள் நினைவுகூரப்பட்டபோது எழுந்த வரலாற்றுணர்வு இப்பணிக்கு அடித்தளமாகலாம். நூலட்டைக்கும் சஞ்சிகைக்கும் படம் தேடும் நம்மைப் போன்றோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, ‘இவர் யார்?’ என்பதாகும்.

ஆக்கவுரிமைச் சட்டம் எவ்வளவு திருத்தப்பட்டாலும், உற்பத்திச் சாதனம் சிலரது உடைமையாக இருக்கும்வரை, படைப்பின் பயனும் அவர்களையே சென்றடையும். அந்த அடிப்படை மாற்றத்துக்கான போராட்டத்தை ஒரு பெயர்க்குறிப்பு ஈடுசெய்யாது. ஆனால் தம் பெயரை மீட்காத மக்கள் தம் உழைப்பின் பயனை மீட்ட வரலாறும் இல்லை. மடுல்கெல்லக் கடைத்தெருவிலே அம்மையார் கேட்ட வினா இன்னும் விடையின்றியே நிற்கின்றது. அந்தப் பெண் எந்த மலையிலும் கொழுந்து பறிக்கவில்லை. அவளது உருவம் உருவாவதற்கு எத்தனையோ மலைகளிலே உண்மையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு, இன்றுவரை அரைப்பேர்கூட விழவில்லை.